பிரயாணியின் இரண்டு முகங்கள்

நல்லேப்பிள்ளிக்கு ரயில் கிடையாது. 1932-ஆம் வருஷம் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே போடப்பட்ட இருப்புப் பாதை, புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை என்று தெற்கே ஒதுங்கிப் போய்விட்டபடியால், சித்தூருக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை போகும் வழியில் தென்னந்தோப்புகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே அமைந்த இந்த ஊரின் ஜனங்கள், காலையில் வெளியூர் போவதற்கும் மாலையில் வீடு திரும்புவதற்கும் பஸ்ஸையே நம்பி வந்திருக்கிறார்கள். மேற்கே போகிற பஸ் சித்தூர், தத்தமங்கலம் வழியாகப் பாலக்காட்டில் கொண்டுபோய் விடும். கிழக்கே போகிற பஸ் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, வேலந்தாவளத்தில் மாநில எல்லையைக் கடந்து, மதுக்கரை, குனியமுத்தூர் என்று கோயமுத்தூர்ப் பட்டணத்துக்குள் நுழைந்து உக்கடத்தில் நிற்கும்.

அந்தக் கிழக்கு பஸ்ஸில் தினந்தோறும் ஏறுகிறவர்களைப் புகைப்படம் எடுக்கலாமா, எடுப்பதானால் எந்த முறையில் எடுப்பது, எடுத்த படங்களை என்ன செய்வது என்பவையே இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொண்ட விஷயங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போட்டோகிராபரை அழைத்து ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நம்மவர்க்கு, டிக்கெட் வாங்கி சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் படமெடுக்க வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் உலகத்தின் சிறந்த புகைப்படக் கலைஞர்கள் சிலர் தங்கள் வாழ்நாளின் நல்ல பகுதியை இந்தக் காரியத்துக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, பாலக்காட்டுச் சீமைக்கும் சாதாரண மனிதனின் முகத்தைப் படமெடுக்கும் தொழிலுக்கும் உள்ள சம்பந்தம், பலரும் நினைத்திருப்பதைக் காட்டிலும் பழமையானது.

முதலில் பிரதேசத்தைச் சற்று அறிந்துகொள்வது நலம். பாலக்காட்டு நகரம் சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்த காலத்தில், அதன் பக்கத்திலேயே இருந்த சித்தூர்த் தாலுகா கொச்சி மகாராஜாவின் ஆளுகையில் இருந்தது. 1956 நவம்பரில் கேரள ராஜ்யம் பிறந்து, 1957 ஜனவரி முதல் தேதி பாலக்காடு தனி ஜில்லாவான பிறகே இரண்டும் ஒரே ஜில்லாவுக்குள் வந்தன. சமஸ்தான எல்லை, ராஜதானி எல்லை, மொழி எல்லை, மாநில எல்லை என்று கோடுகள் மாறி மாறி விழுந்தும் அழிந்தும் வந்த பூமியாகையால், இங்கே ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் மலையாளத்தில் கேட்பதும் மற்றவர் கொங்குத் தமிழில் பதில் சொல்வதும் யாருக்கும் விநோதமாகப் படுவதில்லை. மாசி மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில், கொங்கு நாட்டுப் படையை முறியடித்த விஜயத்தைக் கொண்டாடும் கொங்கன்படைத் திருவிழா கோலாகலமாக நடைபெறும். அதைக் கண்டு களித்தவர்களில் கணிசமான பேர் மறுநாள் காலையில் அதே கொங்கு நாட்டுக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். சரித்திரத்தில் தோற்றவர்கள் மாதச் சம்பளம் கொடுக்கிறவர்களாகிவிட்டால் பகைமை நீடிப்பது கடினம்.

நல்லேப்பிள்ளியில் ஏறுகிறவர்கள் யாரென்று பார்த்தால், மில்லுக்கும் பட்டறைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிறவர்கள், வேலந்தாவளத்துக் காய்கறிச் சந்தையில் அலுவல் உள்ளவர்கள், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கப்பட்டு மருந்துச் சீட்டை மஞ்சள் பையில் பத்திரப்படுத்தியிருக்கும் வயோதிகர்கள், எல்லைக்கு அப்பால் உள்ள கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் ஆகியோர். எதிர்த்திசையில், 1947-இல் தொடங்கப்பட்டதும் தமிழுக்கென்று தனித்துறை உடையதுமான சித்தூர் அரசினர் கல்லூரிக்குப் போகிற கூட்டம் வேறு. தனியார் பஸ்ஸானால் முன்வாசலில் பெண்கள், பின்வாசலில் ஆண்கள். வாசற்படியில் தொற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி இறக்கும் 'கிளி' என்ற பையன். கூரையோடு ஓடும் மணிக்கயிறு. ஒற்றை மணி அடித்தால் வண்டி நிற்கும், டபுள் பெல் கொடுத்தால் புறப்படும். கொழிஞ்சாம்பாறையில் தமிழ்நாட்டு வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றதோ, மணிக்குப் பதில் கண்டக்டரின் விசில் கேட்கும்.

இந்தப் பிரயாணத்தில், படமெடுக்க விரும்புகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் ஒன்று உண்டு. நல்லேப்பிள்ளியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரையில் பஸ்ஸுக்குள்ளே அந்நியர் என்று சொல்லத்தக்கவர் அநேகமாகக் கிடையாது. யார் வீட்டுக் கிணறு வற்றிற்று, யார் மகளுக்கு வரன் தட்டிப்போயிற்று, ஆளியாற்றுத் தண்ணீர் இந்தத் தடவை கால்வாயில் எத்தனை நாள் வரும் என்பதெல்லாம் சீட்டுக்குச் சீட்டு பரிமாறப்பட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி, பின் சீட்டுக்காரரை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். வேலந்தாவளத்தில் புது ஆட்கள் ஏறுகிறார்கள். மதுக்கரையில் சம்பாஷணை இளைக்கிறது. குனியமுத்தூரில் நகர நெரிசலுக்குள் வண்டி சிக்கும்போது, இருபது நிமிஷத்துக்கு முன்னே சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அதே மனிதர் கைப்பேசியிலோ ஜன்னலுக்கு வெளியிலோ கண்ணைப் பதித்து, பக்கத்திலிருப்பவரின் முழங்கை தம்மேல் படாதபடி தம்மைச் சுருக்கிக்கொண்டு, பட்டணத்து மனிதராகவே ஆகிவிடுகிறார். மாலையில் இந்த மாறுதல் தலைகீழாக நடக்கிறது. உக்கடத்தில் சீட்டுக்கு முண்டியடித்து ஏறி, ஏறிய மாத்திரத்தில் தூங்கிப்போன ஸ்திரீகள், கொழிஞ்சாம்பாறை நெருங்கும்போது யாரும் எழுப்பாமலேயே கண் விழித்து, தலையைக் கோதிக்கொண்டு, பக்கத்து சீட்டில் இருப்பவரைப் புதிதாக அப்போதுதான் சந்தித்தவர்கள்போலக் குசலம் விசாரிக்கிறார்கள். ஆக, ஒரே டிக்கெட்டுக்கு ஊர்முகம் ஒன்றும் பட்டணமுகம் ஒன்றும் காணக் கிடைக்கின்றன. புகைப்படக்காரனுக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே உபாயத்தால் எடுத்துவிடலாம் என்று நினைப்பவனிடம்தான் எனக்கு வழக்கு.

பட்டணமுகத்தை எடுக்கும் உபாயத்துக்கு ஆதிகர்த்தா என்று அமெரிக்கரான வாக்கர் எவன்ஸைச் சொல்ல வேண்டும். 1938 முதல் 1941 வரையில், நியூயார்க்கின் பாதாள ரயிலில், காண்டாக்ஸ் காமிராவின் பளபளக்கும் பாகங்களுக்குக் கறுப்புப் பூசி, லென்ஸ் மட்டும் கோட்டுப் பொத்தான்களின் இடைவெளியில் எட்டிப் பார்க்கும்படி மார்பில் கட்டிக்கொண்டு, ஷட்டரை இயக்கும் கம்பியைக் கோட்டுக் கைக்குள்ளாக உள்ளங்கைவரை இழுத்து வைத்துக்கொண்டு, எதிர் சீட்டில் அமர்ந்தவர்களை அவர்கள் அறியாமலே அவர் எடுத்துத் தள்ளினார். சந்தேகம் தோன்றாதிருக்க ஹெலன் லெவிட் என்ற இளம் புகைப்படக் கலைஞர் சில சமயங்களில் பக்கத்தில் அமர்ந்து துணைபோனார். காமிராவுக்குள் பார்த்துக் குறி வைக்க வழியில்லாததால், என்ன விழும் என்பது படத்தைக் கழுவிய பிறகே எடுத்தவருக்குத் தெரியவரும். அந்தப் படங்கள் புத்தகமாக வெளிவந்தது 1966-இல். கால் நூற்றாண்டு அவை பெட்டியில் உறங்கின. வீட்டில் தனியறையில் இருக்கும்போதுகூட மனிதனுக்கு எதிரே கண்ணாடி ஒன்று இருக்கிறது, பாதாள ரயிலிலோ அவன் முகம் எந்தக் காவலும் இன்றி ஓய்ந்திருக்கிறது என்பது எவன்ஸின் சித்தாந்தம். படங்களைப் பார்த்தால் அந்தச் சித்தாந்தம் மெய்யென்றே தோன்றும். நம்மூர் பஸ்ஸில் அது குனியமுத்தூருக்குப் பிறகுதான் செல்லும். கொழிஞ்சாம்பாறைக்கு முன்னால் கோட்டுக்குள் காமிராவை மறைத்தவன், "என்னங்க அது சட்டைக்குள்ள?" என்ற கேள்விக்கு இரண்டாவது ஸ்டாப்பிலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதலாவது, அந்த வெயிலில் கோட்டு போட்டவனையே ஊர் சும்மா விடாது.

மறைத்து எடுப்பதற்கு முன்னால், நிறுத்தி வைத்து எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதில் நமது பிரதேசத்துக்குப் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கில அரசாங்கம் இந்திய ஜனங்களை ஜாதி ஜாதியாகப் பிரித்து, அளந்து, படமெடுத்துப் பதிவு செய்யும் வேலையில் முனைந்திருந்தது. சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியாரின் உதவியோடு 1909-இல் வெளியிட்ட ஏழு பாகங்கள் அந்த முயற்சியின் பிரசித்தமான பலன். அதே வருஷத்தில் கொச்சி சமஸ்தானத்தின் குடிகளையும் ஜாதிகளையும் பற்றிய நூலின் முதற்பாகம் வெளியாயிற்று. இரண்டாம் பாகம் 1912-இல். அதன் ஆசிரியர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்துக்காரர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் கல்கத்தா சர்வகலாசாலை வரை போய் மானிட இயலைப் போதித்த மேதாவி. நல்லேப்பிள்ளி அக்காலத்தில் கொச்சி சமஸ்தானத்து ஊராகையால், இந்த ஊர்க்காரர்களின் பாட்டன் பூட்டன்மாரும் அவருடைய ஆராய்ச்சி எல்லைக்கு உட்பட்டவர்களே. அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள், நேரே பார்ப்பார்கள், கீழே அவர்களுடைய பெயர் இராது, ஜாதியின் பெயர்தான் இருக்கும். ஒருவருடைய முகம் அவருக்குச் சொந்தமானதென்ற எண்ணம் அதை எடுத்த எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஐயருடைய உழைப்பையும் அறிவையும் குறைத்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அந்தப் படங்களில் நிற்கிறவர்கள் படமெடுத்தவருக்காக நிற்கிறார்கள் என்பதை மறக்கவும் முடியவில்லை.

இன்னொரு பாலக்காட்டுத் தமிழர் இதைவிடப் பெரிய அளவில் ஜனங்களின் முகங்களைப் படம்பிடிக்கக் காரணமானார். திருநெல்லாயியில் 1932-இல் பிறந்த டி.என். சேஷன், தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-இல் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவு பிறப்பித்து, அதைக் கொடுத்தாலொழியத் தேர்தல் இல்லை என்று அரசாங்கங்களோடு மல்லுக்கு நின்றார். கல்யாணப் படத்தைத் தவிர வேறு படமே இல்லாத எத்தனையோ கிழவர்களும், அதுவும் இல்லாத எத்தனையோ விதவைகளும் காமிராவுக்கு முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தது அப்போதுதான். அந்தப் படங்களின் லட்சணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. சேஷனுக்கும் பஸ்ஸுக்குமே ஒரு சம்பந்தம் உண்டென்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1960-களில் அவர் சென்னையில் அரசாங்கப் போக்குவரத்து டைரக்டராக இருந்தபோது, பஸ்ஸை ஓட்டவும் எஞ்சினைக் கழற்றவும் தெரியாத உமக்கு எங்கள் கஷ்டம் எப்படிப் புரியும் என்று தொழிலாளி ஒருவர் கேட்க, ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்து இரண்டையும் கற்றுக்கொண்டு, ஒரு நாள் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி, டிரைவரை இறக்கிவிட்டு, பிரயாணிகளோடு தாமே வெகுதூரம் ஓட்டிப் போனார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் வரலாறு. அன்றைக்கு அந்த பஸ்ஸில் காமிராவோடு ஒருவர் இருந்திருக்கலாகாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

ஜாதியாக எடுத்தாயிற்று, வாக்காளராக எடுத்தாயிற்று. பிரயாணியாக எடுப்பதில் என்ன விசேஷம்? பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதை, ஏறின நேரமும் காலியான இடமும்தான் தீர்மானிக்கின்றன. தெருவில் நடப்பதற்கே வைக்கத்தில் 1924-இல் சத்தியாக்கிரகம் நடக்க வேண்டியிருந்த, ஈரோட்டுப் பெரியார் அதற்காகச் சிறை சென்ற, அதே ஆண்டில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்வீதியில் நடந்ததற்காகச் சிலர் அடிபட்ட தேசத்தில் இது எளிதான காரியமல்ல. டிக்கெட் வாங்கியவன் சீட்டில் உட்காரலாம் என்ற விதியை விளக்கி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. அது நாள்தோறும் நடந்தே பழகிப்போயிற்று. இன்னமும் நிறைவேறாத இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கன்செஷன் டிக்கெட்டில் வரும் பள்ளிப் பிள்ளைகள், சீட்டுக் காலியாக இருந்தாலும் கிளியின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வருவதைக் கேரளத்துத் தனியார் வண்டிகளில் எவரும் காணலாம்.

சீட்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்கர்கள் நன்றாக அறிவார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து அங்கே குடியேறிய ராபர்ட் பிராங்க், 1955-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டிராம் ஒன்று தம்மைக் கடந்தபோது எடுத்த படத்தில், ஜன்னல்கள் வரிசையாக, முன்பக்கத்தில் வெள்ளையர், பின்பக்கத்தில் கறுப்பர் என்று சமூகத்தின் சட்டமே சட்டம் போட்டாற்போல விழுந்திருக்கிறது. அதே வருஷம் டிசம்பர் முதல் தேதி மாண்ட்கோமரி நகரத்து பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்து ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானார். அதன்பின் 381 நாட்கள் கறுப்பு ஜனங்கள் பஸ் ஏறாமல் நடந்தே போனார்கள். அந்த அம்மையார் ஜன்னலோரமாக அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்க, பின் சீட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் கடுகடுத்த முகத்தோடு இருக்கும் படத்தைப் பார்க்காதவர் இரார். உலகத்திலேயே புகழ்பெற்ற பஸ் பிரயாணிப் படம் அதுதான். வெற்றி கிடைத்த பிறகு, 1956 டிசம்பர் 21-ஆம் தேதி, பத்திரிகைகளுக்காகவே ஏற்பாடு செய்து எடுத்த படம் அது. பின்னால் இருந்தவர் ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர். விஷயம் மெய், படம் ஏற்பாடு. எவன்ஸின் படங்களில் ஏற்பாடே கிடையாது, ஆனால் சம்மதமும் கிடையாது. எதை ஏற்பது என்ற தர்மசங்கடத்துக்கு என்னிடம் பொது விடை இல்லை. ரோசா அம்மையார் விஷயத்தில், தம் படம் எப்படி விழ வேண்டும் என்பதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை மட்டும் நான் மதிக்கிறேன்.

நமது நாட்டில் இந்தத் துறையில் எடுத்த படங்களில், பம்பாய் சர்ச்கேட் ஸ்டேஷனில் ரகு ராய் 1995-இல் எடுத்தது வெகு பேருக்கு நினைவிருக்கும்: சுற்றிலும் ஜனவெள்ளம் நீர்போலக் கரைந்து ஓட, பத்திரிகை படிப்பவர்கள் மட்டும் அசையாமல் தெளிவாக நிற்பார்கள். அது மேலிருந்து எட்டிப் பார்த்து எடுத்த படம். எனக்கு அதைவிட அருமையாகத் தோன்றுவது, பம்பாயைச் சேர்ந்த அனுஸ்ரீ பட்னவிஸ் என்ற புகைப்படப் பத்திரிகையாளர் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் கைப்பேசியாலேயே எடுத்துத் தொடர்ச்சியாக வெளியிட்டுவந்த ரயில் நாட்குறிப்புத்தான். அவர் அந்தப் பெட்டியில் தினமும் போய்வந்தவர். காய் நறுக்கிக்கொண்டு வருகிறவள், வாசலில் காற்று வாங்குகிறவள், வளையல் விற்கிறவள், கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கை, எல்லோரும் அவருக்கு வழித்துணைகள். பார்க்கிறவருக்கும் பார்க்கப்படுகிறவருக்கும் ஒரே சீசன் டிக்கெட் இருப்பதால் அந்தப் படங்களுக்கு ஒரு சகஜம் வந்துவிடுகிறது. பெண்கள் பெட்டிக்குள் ஆண் ஒருவன் காமிராவோடு நுழைய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; கேரளத்து பஸ்ஸின் முன்பாதியைப் படமெடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 'நக்கீரன்' பத்திரிகையின் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில், 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு, தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும்படி கோரும் உரிமை குடிமகனுக்கு உண்டென்று ஒப்புக்கொண்டது. பொது ஆவணத்தில் ஏறிய விஷயத்தைப் பிரசுரிக்கும் உரிமையையும் பத்திரிகைக்கு அளித்தது. 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பெண்ணின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பதற்குத் தண்டனை உண்டு. ஆனால் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் படமெடுப்பதை மட்டுமே குற்றமாக்கும் விதி நம்மிடம் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் தன் உருவத்தின்மேல் ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு. அது தெரிந்தும் லூக் தெலஹாயே பாரிஸ் மெட்ரோவில் ஒளித்து எடுத்த முகங்களை 1999-இல் புத்தகமாகவே போட்டார். டோக்கியோவில் ரயில் கண்ணாடியோடு கண்ணாடியாக நசுங்கி, நீராவி படிந்து நிற்கும் பிரயாணிகளை பிளாட்பாரத்தில் நின்று எடுத்த மைக்கேல் வுல்பின் படங்கள் சிலவற்றில், அகப்பட்டவர் நகர இடமில்லாமல் கையால் முகத்தை மூடிக்கொள்கிறார். அந்தப் படங்களைக் கண்டு வியந்தவர்கள் அநேகர். மூடிய கை ஒரு பதில்தானே. பதில் சொன்னவரை மேலும் ஒரு தடவை கேட்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

இப்போதோ எவன்ஸ் பட்ட பாடு எவருக்கும் வேண்டியதில்லை. சட்டைப் பையில் உள்ள கைப்பேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்தால் போதும். எதிரே இருப்பவர் செய்தி படிக்கிறானென்று நினைத்துக்கொள்வார். தூங்கி விழுகிறவரையும், வாயைத் திறந்துகொண்டிருப்பவரையும், கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுகிறவரையும் படமாகவும் வீடியோவாகவும் எடுத்து ஊர் சிரிக்கப் பரப்பும் வழக்கம் வந்துவிட்டபடியால், காமிராவைக் கண்டால் வெட்கப்பட்ட ஜனங்கள் இன்று சந்தேகப்படுகிறார்கள். நியாயமான சந்தேகம். நல்லேப்பிள்ளி நிறுத்தத்தில் நான் வெளிப்படையாகவே கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறியபோது பக்கத்தில் இருந்த பாட்டி கேட்ட கேள்வி, "எதுக்குங் கண்ணு போட்டா புடிக்கிறீங்க? பென்சனுக்குங்களா, ஆதாருக்குங்களா?" என்பது. இரண்டுக்கும் இல்லை என்றதும், "அப்ப என்னத்துக்கு?" என்றார். அதற்குப் பதில் சொல்வது இந்தக் கட்டுரையை எழுதுவதைவிடக் கஷ்டமாயிருந்தது.

தொழில் நுட்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம். பாலக்காட்டுக் கணவாய் மேற்குக் கிழக்காகத் திறந்து கிடப்பதால், காலை பஸ் சூரியனை நோக்கியே போகிறது, மாலை பஸ்ஸும் சூரியனை நோக்கியே திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் டிரைவருக்குக் கண் கூசும், பிரயாணிகளின் முகத்துக்கோ முன்கண்ணாடி வழியாக நேர்வெளிச்சம் கிடைக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் கோயமுத்தூர் போகும்போது வலப்புற சீட்டில் இருப்பவர்கள் பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார்கள். படத்தில் அது தியானம்போல விழும், உண்மையில் வெயில். வண்டி ஓடும்போது நடுங்குவதைவிட, எஞ்சின் அணையாமல் நிறுத்தத்தில் நிற்கும்போது நடுங்குவதே காமிராவுக்கு அதிக விரோதி. செகண்டில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தில் ஷட்டரை வைப்பவர் நின்ற பஸ்ஸிலும் கலங்கிய படத்தையே அடைவார். பழைய மோஸ்தர் கேரள வண்டிகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டி விட்ட தார்ப்பாய்தான். இடவப்பாதி மழை கணவாய்க்குள் புகுந்து சாய்த்து அடிக்கும்போது அத்தனை பாய்களும் ஒருசேர இறங்கி, பட்டப்பகலில் வண்டிக்குள் இருட்டாகிவிடும். வெளிச்சம் முன்கண்ணாடியிலிருந்தும் வாசற்படியிலிருந்தும் மட்டுமே வரும். ஒரு முகம், ஒரு கை, கம்பியைப் பற்றிய ஒரு வளையல் என்று துண்டு துண்டாகத் தெரியும் அந்த நேரம் நல்ல புகைப்படக்காரனுக்கு லாட்டரி. ஆகவே ஆனி மாதத்துக் கேரள பஸ்ஸைவிட மேலான ஸ்டூடியோ எனக்குத் தெரியாது.

ஸ்டூடியோ என்றதும் நினைவு வருகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஸ்டூடியோக்களில் திரைச்சீலை மாளிகைக்கு முன்னால் எடுத்த பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தேடிச் சேகரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒவ்வொருவரும் தாம் எப்படி இருக்க விரும்பினாரோ அப்படி இருக்கிறார். பட்டுப்புடவை, கைக்கடிகாரம், மேஜைமேல் ரேடியோ. வேலை செய்து களைத்த முகமும் துவைத்து வெளுத்த சட்டையும் அங்கே அனுமதிக்கப்படவில்லை. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் பஸ்தான் ஏற வேண்டும்.

ஊர்முகத்தை எடுக்கும் வழி எது என்று கேட்டால், டாம் வுட் என்பவரைக் காட்டுவேன். அயர்லாந்தில் பிறந்து லிவர்பூல் பக்கத்தில் குடியிருந்த அவர், காரில் போகாமல், ஏறக்குறைய இருபது வருஷம் அந்த நகரத்து பஸ்களிலேயே போய்வந்து, மேல்தட்டு ஜன்னலிலிருந்தும் உள்ளே சீட்டிலிருந்தும் எடுத்துக் குவித்த படங்களின் ஒரு பகுதி 1998-இல் புத்தகமாயிற்று. அந்தப் பக்கத்து ஜனங்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. போட்டோக்காரர் என்றே செல்லமாகக் கூப்பிட்டார்கள், எடுத்த படங்களின் பிரதிகளை அவரும் கொண்டுவந்து கொடுத்தார். திறமைக்கு மேலாக ஒரே வழித்தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவர் செய்த பெரிய காரியம். ஒரே பஸ்ஸில் ஒரே நேரத்துக்குத் தொடர்ந்து போகிறவனை முதல் வாரம் உற்றுப் பார்ப்பார்கள். அப்புறம் கேள்வி கேட்பார்கள். அப்புறம் சீட்டுப் பிடித்து வைப்பார்கள். கடைசியில் காமிராவை மறந்து தங்கள் சண்டையைத் தொடர்வார்கள். எவன்ஸ் கறுப்புப் பூச்சால் சம்பாதித்ததை இவன் பழக்கத்தால் சம்பாதிக்கிறான். கிடைக்கிற முகமும் வேறு.

பிரதி கொடுப்பது என்பதைச் சாதாரணமாக நினைக்கலாகாது. பென்ஷனுக்கா என்று கேட்ட அதே பாட்டிக்கு அவர் படத்தைப் பிரிண்டு போட்டு நீட்டியபோது, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. முந்தானைய இழுத்து உட்டுட்டு இன்னொண்ணு எடுங் கண்ணு. நாளைக்கு மாலை போடறதுக்கு ஆவும்" என்றார். பக்கத்தில் இருந்த மருமகள் பதறி, "என்ன பேச்சுங்கத்தே இது" என்றாள். பாட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது படம் கொழிஞ்சாம்பாறைக்கு முன்னால், நிறுத்தத்தில், டிரைவரின் தயவால் எஞ்சின் அணைந்திருந்த அரை நிமிஷத்தில் எடுக்கப்பட்டது. அதில் அவர் ஸ்டூடியோவில் அமர்ந்ததுபோலவே நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். முதல் படம் எனக்குப் பிடித்தது; இரண்டாவது அவருக்குப் பிடித்தது; சுவரில் மாட்டப்படப் போவது எது என்பதில் எனக்கு ஓட்டு இல்லை.

இத்தகைய படங்கள் சேர்ந்தால் அவற்றை எங்கே வைப்பது என்பது மிச்சமுள்ள கேள்வி. பட்டணத்துக் கலைக்கூடங்களில் குளிர்சாதன அறையில் மாட்டினால், நல்லேப்பிள்ளிக்காரர்களைப் பார்க்க அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் வருவார்கள். 2016-இல் சென்னையில் தொடங்கிய புகைப்பட விழா, ஜனங்கள் புழங்கும் பொது இடங்களிலேயே படங்களைக் காட்சிக்கு வைத்து ஒரு நல்ல முன்மாதிரியை ஏற்படுத்தியிருக்கிறது. அந்த வழியில், நல்லேப்பிள்ளி பஸ் நிறுத்தத்து நிழற்கூரையின் உள்சுவரிலும், கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டிலும், முடிந்தால் உக்கடத்திலும் இந்தப் படங்களை ஒட்ட வேண்டும் என்பது என் யோசனை. ஊர்முகங்களை உக்கடத்திலும் பட்டணமுகங்களை ஊரிலும் மாற்றி ஒட்டலாம் என்றுகூட நினைத்திருந்தேன். கண்டக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, ஒட்டுவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒட்டினால் எல்லோரும் இறங்கி நின்று தங்கள் மூஞ்சியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், டைமுக்கு வண்டி எடுக்க முடியாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டபுள் பெல் கொடுத்தார்.